லமலேரா: லெம்பாட்டா தீவின் திமிங்கில வேட்டைக் கிராமம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லமலேரா எங்கே இருக்கிறது?

இந்தோனேசியாவின் கிழக்கு நுசா தெங்காரா மாகாணத்தில், ஃப்ளோரெஸ் தீவின் கிழக்கு முனையைத் தாண்டினால் அடோனாரா, சொலோர், லெம்பாட்டா என்று மூன்று தீவுகள் வரும். அவற்றில் பெரியதும் கிழக்கோரம் இருப்பதும் லெம்பாட்டா. பழைய வரைபடங்களில் இதன் பெயர் லொம்ப்லென். 1999 முதல் இது தனி மாவட்டம். தலைநகர் லெவோலெபா. அதற்கு நேர் மறுபக்கம், தென்கரையில், சாவு (Savu) என்ற பெயருள்ள கடலைப் பார்த்தபடி பாறைச் சரிவில் அமைந்த ஊர்தான் லமலேரா. நிர்வாகக் கணக்கில் லமலேரா ஏ, லமலேரா பி என இரண்டு கிராமங்கள். ஒன்று சரிவின் மேலே, மற்றொன்று கடற்கரையை ஒட்டி. கடற்கரை, தேவாலயம், வேட்டை எல்லாம் இருவருக்கும் பொது. பேச்சு மொழி லமாஹோலோட். வெளியாரிடம் இந்தோனேசிய மொழியில் பேசுவார்கள்.

இந்த ஊர் மட்டும் ஏன் திமிங்கிலத்தை நம்பி வாழ்கிறது?

இரண்டு காரணங்கள். முதலாவது கடல். கரையை விட்டுச் சற்று விலகினாலே ஆழம் செங்குத்தாக இறங்குகிறது. எண்ணெய்த் திமிங்கிலம் (sperm whale) ஆழ்கடல் கணவாய்களைத் தின்று வாழ்வது; அது கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வரக்கூடிய இடங்கள் உலகில் குறைவு.

இரண்டாவது நிலம். ஊரைச் சுற்றி எரிமலைப் பாறை. உழுது விதைக்கத்தக்க மண் மிகக் கொஞ்சம். போதாக்குறைக்கு, இவர்கள் பின்னால் வந்து குடியேறியவர்கள். தங்கள் முன்னோர் சுலாவேசியின் லூவுவிலிருந்து புறப்பட்டு, செராம், கோரோம், அம்பொன் வழியாக லெம்பாட்டாவுக்குக் கிழக்கே இருந்த லப்பான் பாத்தான் தீவில் தங்கி, அங்கே பெரும் அலை அடித்ததால் இங்கே வந்து சேர்ந்ததாகக் குலப்பாடல்கள் சொல்கின்றன. வரும்போது நிலம் முன்பே வேறு குலத்தாருடையதாக இருந்தது. கடலோரத்தில் தங்க இடம் கிடைத்தது, வயல் கிடைக்கவில்லை. இன்றைக்கும் திமிங்கிலத் தலையில் ஒரு பங்கு மண்ணுக்கு உரிய பழங்குடிக் குலங்களுக்குப் போகிறது. அந்தப் பழைய ஒப்பந்தத்தின் வாடகை அது.

சொலோர் தீவுக்கூட்டத்தில் ஈட்டியால் திமிங்கிலம் பிடிப்பதை 1624-ஆம் ஆண்டுப் போர்ச்சுகீசிய ஆவணம் ஒன்று குறிப்பிடுகிறது. ஆகவே இந்தத் தொழிலுக்கு நானூறு ஆண்டுக்குக் குறையாத வயது.

எந்தெந்த உயிரினங்களைப் பிடிக்கிறார்கள்?

முதன்மையானது எண்ணெய்த் திமிங்கிலம். உள்ளூர்ப் பெயர் கோதெகெலெமா. மழுங்கிய தலை, முன்பக்கம் சாய்ந்து பீய்ச்சும் மூச்சுநீர். இந்த இரண்டையும் வைத்துத் தொலைவிலேயே கண்டுகொள்வார்கள். இது தவிர பைலட் திமிங்கிலம், ஓங்கில் (டால்பின்), திருக்கை, சூரியமீன், சுறா, மர்லின் எனக் கைக்குக் கிடைப்பதெல்லாம் பிடிப்பார்கள். திமிங்கிலம் எப்போதாவது வரும் விருந்து. அன்றாடச் சட்டியை நிரப்புவது இந்தச் சிறு வேட்டைகள்.

நீலத் திமிங்கிலம் போன்ற பல்லில்லாத் திமிங்கிலங்களைத் தொட மாட்டார்கள். கடலில் தத்தளித்த முன்னோரை அத்தகைய ஒரு திமிங்கிலம் கரை சேர்த்தது என்பது நம்பிக்கை. படகுக்குப் பக்கத்தில் வந்தாலும் விட்டுவிடுவார்கள்.

வேட்டைக் காலம் எப்போது?

மே முதல் செப்டம்பர், அக்டோபர் வரை. இந்தப் பருவத்துக்கு லெஃபா என்று பெயர். கிழக்குப் பருவக்காற்று வீசும் வறண்ட மாதங்கள் இவை. படகுகள் காலையில் தாமாகக் கடலுக்குக் கிளம்பி இரை தேடும். மற்ற மாதங்களில் கரையிலிருந்தோ குன்றின் மேலிருந்தோ யாராவது திமிங்கிலத்தைக் கண்டால் "பலெயோ!" என்று கத்துவார்கள். அந்தக் கூவல் வாய்க்கு வாய் ஊர் முழுக்கப் பரவும். வயலில், பள்ளியில், வீட்டில் இருக்கும் ஆண்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடுவார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை மேற்குக் காற்றும் மழையும். கடல் பெரும்பாலும் படகுக்கு இடம் கொடுக்காது.

ஞாயிறன்று வேட்டை இல்லை. ஊர் முழுக்கக் கத்தோலிக்கர்.

மே 1-ஆம் தேதிக்கு முன்னும் பின்னும் நடக்கும் சடங்குகள் என்ன?

ஏப்ரல் கடைசி நாள்களில் குலத் தலைவர்களும் படகுக்காரர்களும் கடற்கரையில் கூடிப் பேசுவார்கள். போன பருவத்தில் மீன்வளம் ஏன் குறைந்தது, யாருக்கு யாரோடு மனத்தாங்கல், யார் பங்கு தவறாகப் போனது என்று எல்லாம் வெளிப்படையாகக் கொட்டப்படும். ஒப்புக்கு நடத்தும் கூட்டமாக இதை நினைக்க வேண்டாம். ஊரில் சண்டை இருந்தால் திமிங்கிலம் வராது, வந்தாலும் ஆளைக் கொல்லும் என்பது அவர்கள் உறுதியாக நம்பும் விஷயம்; எனவே சமரசம் முடியாமல் படகு இறங்குவது சரியில்லை. மண்ணுக்கு உரிய குலத்தார் மலைப்பக்கம் ஏறித் தங்கள் பழைய முறைப்படி திமிங்கிலங்களை அழைக்கும் சடங்கைச் செய்வார்கள்.

ஏப்ரல் 30 மாலை, கடலில் இறந்தவர்களுக்கான பூசை. கடற்கரையில் பெயர்கள் வாசிக்கப்படும், மெழுகுவத்திகள் ஏற்றி நீரில் விடப்படும். மே 1 காலை கரையில் உள்ள தூய பேதுரு சிற்றாலயத்தில் பூசை. பாதிரியார் படகுகளுக்குத் தீர்த்தம் தெளித்ததும் முறைப்படி ஒரு படகு முதலில் இறங்கும். 1920களில் ஜெர்மானியப் பாதிரியார் பெர்னார்டுஸ் போடே இங்கே வந்து பணியாற்றிய பிறகு ஊர் மதம் மாறியது. ஆனால் பழைய சடங்குகள் போய்விடவில்லை. பூசையோடு சேர்ந்தே நடக்கின்றன. இரண்டில் எது 'உண்மையானது' என்று ஊராரிடம் கேட்காமலிருப்பது நல்லது.

படகை எப்படிக் கட்டுகிறார்கள்?

படகின் பெயர் தேனா. இந்தோனேசிய மொழியில் பெலெடாங். நீளம் பத்து மீட்டரை ஒட்டி, அகலம் இரண்டு மீட்டர் போல. ஒவ்வொரு தேனாவும் ஒரு குலத்துக்கோ குலக் கிளைக்கோ சொந்தம். கெபாகோ புகா, தேமோ சபாங், ஜாவா தேனா என்று பெயரும் பரம்பரையாக வரும். படகு நொறுங்கினால் அதே பெயரில் மறுபடி கட்டுவார்கள். கட்டும் தச்சர் அத்தா மோலா.

முதலில் அடிக்கட்டை. அதன்மேல் பலகையைப் பலகையோடு விளிம்பில் விளிம்பு பொருத்தி, இடையே மரமுளைகளை இறக்கி மேலே ஏற்றிக்கொண்டு போவார்கள். விலாச்சட்டங்கள் கடைசியில்தான் வரும். பலகையின் உட்புறத்தில் செதுக்காமல் விடப்பட்ட மரக்குமிழ்களில் துளையிட்டு, பிரம்பால் சட்டத்தோடு இறுக்கிக் கட்டுவார்கள். பலகைகள் எத்தனை, எது எங்கே, எந்த இணைப்பு எதன்மேல் வரக்கூடாது என்பதெல்லாம் மாற்றக்கூடாத வரையறை. மேலும் கீழும் இரு இணைப்புகள் ஒரே கோட்டில் விழுந்தால் திமிங்கிலம் அடிக்கும் இடத்தில் படகு இரண்டாகப் பிளக்கும்.

இரும்பு ஆணி கிடையாது. அதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. ஆணி உப்புநீரில் துருப்பிடித்துத் துளையைப் பெரிதாக்கும். அடி விழும்போது மரத்தைக் கிழிக்கும். மரமுளை நீரில் ஊறி உப்பி இறுகும். பிரம்புக் கட்டு அடியை வாங்கி நெகிழ்ந்து கொடுக்கும்.

பாய் செவ்வக வடிவம். தாளிப்பனையின் இனமான கெபாங் பனையின் ஓலையை முடைந்து சிறு சதுரங்களாக்கி, அவற்றைத் தைத்துச் சேர்ப்பார்கள். பாய்மரம் கவட்டைபோல் இரண்டு கால் கொண்டது. இரையைக் கண்டதும் படுக்கப்போட்டுவிட முடியும்.

பருவம் முடிந்ததும் படகைக் கடற்கரைக் கொட்டகையில் ஏற்றி வைப்பார்கள். அடுத்த பருவத்தில் முதல் சில நாள் நீர் கசியும், ஏனென்றால் காய்ந்த பலகைகள் சுருங்கியிருக்கும். நீரிறைப்பதற்கென்றே ஓர் ஆள் படகில் உண்டு. மூன்று நான்கு நாள் ஊறிய பின்னும் கசிவு நிற்கவில்லையென்றால் முளை தளர்ந்திருக்கிறது, பலகையைக் கழற்றியே ஆக வேண்டும்.

வேட்டை எப்படி நடக்கிறது? எங்கே தவறுகிறது?

ஒரு தேனாவில் பத்துப் பன்னிரண்டு பேர். முன்முனையிலிருந்து கடலுக்கு மேல் நீட்டிய மூங்கில் மேடையில் நிற்பவர் லமாஃபா, ஈட்டிக்காரர். அவருக்குப் பின்னால் கயிற்றையும் ஈட்டியையும் எடுத்துக் கொடுக்கும் உதவியாளர். பின்முனையில் சுக்கான்காரர். மற்றவர்கள் துடுப்பு.

திமிங்கிலத்தைக் கண்டதும் பாயை இறக்கித் துடுப்பு வலித்து நெருங்குவார்கள். லமாஃபா ஈட்டியை எறிவதில்லை. ஈட்டியைப் பிடித்தபடி தானே பாய்கிறார். உடல் எடை முழுவதும் முனையில் இறங்கினால்தான் தடித்த தோலையும் கொழுப்பையும் துளைக்க முடியும். ஈட்டித் தண்டு ஆளுயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீள மூங்கில். முள் வைத்த இரும்பு முனை தண்டிலிருந்து கழன்று உடலுக்குள் தங்கிவிடும். முனையோடு கட்டிய கயிறு படகுக்கு வரும். லமாஃபா நீந்திப் படகேறுவார். பிறகு திமிங்கிலம் இழுக்கும், மற்ற படகுகள் வந்து மேலும் ஈட்டிகள் பாய்ச்சும், கடைசியில் நீண்ட கத்திகளோடு நீரில் குதிப்பார்கள். சில மணி நேரத்தில் முடியலாம். நாள் முழுக்கவும் ஆகலாம்.

கேடு பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது.

கயிறு: முதன்மைக் கயிறு வீட்டில் நூற்ற பருத்தியில் முறுக்கி, மரப்பட்டைச் சாறு ஏற்றி உறுதியாக்கியது. சுருள் ஒழுங்காக இல்லையென்றால், ஓடும் கயிறு கை காலைச் சுற்றி ஆளை அடியில் கொண்டுபோகும். உயிரிழப்புகளிலும் உறுப்பிழப்புகளிலும் இதற்குப் பெரும்பங்கு. ஆகவேதான் கயிற்றைக் குல வீட்டில் வைத்துக் காப்பார்கள், யாரும் தாண்டக்கூடாது, விளையாட்டாகத் தொடக்கூடாது.

வால்: ஈட்டி பட்டவுடன் அது வாலைத் தூக்கி அடிக்கும். பக்கவாட்டிலிருந்து நெருங்காமல் வாலுக்கு நேர் மேலே போன படகு உடையும். சுக்கான்காரரின் திறமை தெரியும் இடம் இது.

இழுப்பு: திமிங்கிலம் படகைத் தெற்கே, நடுக்கடலுக்கு இழுத்துப் போய்விடும். கயிற்றை எப்போது வெட்டுவது என்பது எளிய முடிவில்லை. கயிறும் முனையும் குலச்சொத்து, கரையில் பசித்த வயிறுகள். 1994-இல் இப்படி இழுபட்டுப் போனவர்களைப் பல நாள்களுக்குப் பிறகு ஒரு பயணிகள் கப்பல் மீட்டது.

இப்போது இயந்திரப் படகு வந்துவிட்டதாமே?

ஆம். வெளியே பொருத்தும் இயந்திரம் வைத்த சிறு படகுகளை ஊரில் ஜொன்சோன் என்றே அழைக்கிறார்கள். ஓங்கில், திருக்கை, மர்லின் வேட்டை இப்போது பெரும்பாலும் அவற்றில்தான். எண்ணெய்த் திமிங்கிலத்துக்குத் தேனாதான் போக வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஆனால் தேனாவைத் திமிங்கிலம்வரை இழுத்துச் செல்வது ஜொன்சோன். இதில் ஊருக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. எரிபொருளுக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு மீனை விற்க வேண்டும், விற்றால் பங்கிட மீன் இருக்காது. முதியவர்கள் சொல்லும் இந்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது.

1970களில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு ஒரு நார்வேஜிய வேட்டை வல்லுநரை அனுப்பி நவீன முறையைக் கொண்டுவர முயன்றது. இறைச்சி தேவைக்கு மேல் குவிந்தது, ஆனால் பங்கு முறையும் படகுக் கூட்டமும் குலைந்தன. முயற்சி சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

பிடித்த திமிங்கிலத்தை யார் யாருக்குப் பங்கிடுகிறார்கள்?

லமலேராவைப் புரிந்துகொள்ள நினைப்பவர்கள் வேட்டையைவிட இதைக் கவனிக்க வேண்டும். உயர் அலையில் உடலைக் கரைக்கு இழுத்து வைத்து, நீர் வடிந்த பின் வெட்டத் தொடங்குவார்கள். எங்கே கத்தி வைக்க வேண்டும், எந்தத் துண்டு யாருக்கு என்று உடல் முழுவதும் கோடு போட்டாற்போல் வரையறுக்கப்பட்டிருக்கிறது. படகில் போனவர்களுக்கு ஒரு பங்கு. படகுக்கு உரிய குலக் குழுவினருக்கு ஒரு பங்கு. படகு கட்டிய தச்சர், ஈட்டிமுனை அடித்த கொல்லர், பாய் முடைந்தவர் ஆகியோருக்குத் தனிப் பங்கு. மண்ணுக்கு உரிய குலங்களுக்குத் தலையில் பங்கு. பல படகுகள் சேர்ந்து பிடித்திருந்தால், முதல் ஈட்டி யாருடையது என்பதில் தொடங்கிப் பேச்சு நீளும்.

இது முதல் சுற்று. வீட்டுக்கு வந்ததும் இரண்டாம் சுற்று தொடங்கும்: உறவினருக்கு, பெண் எடுத்த வீட்டுக்கு, ஆணில்லாத வீடுகளுக்கு. கைம்பெண்ணும் அநாதையும் உண்ணத்தான் கடலுக்குப் போகிறோம் என்பது லமாஃபாக்கள் வழக்கமாகச் சொல்வது. ஆளில்லாத வீட்டு முற்றத்து மூங்கில் பரணிலும் இறைச்சி காய்வதை எந்தப் பயணியும் கண்ணால் பார்க்கலாம்.

கை அகலக் கீற்றுகளாக அறுத்துப் பரணில் சில நாள் வெயிலில் காய விடுவார்கள். கொழுப்பிலிருந்து சொட்டும் எண்ணெயைக் கீழே ஏனம் வைத்துப் பிடிப்பார்கள். நடுவில் மழை வந்தால் பூசணம் பிடித்து முழுதும் வீணாகும். மழைக்காலத்துத் திமிங்கிலத்தில் பாதிதான் பயன் என்பது இதனால்தான்.

பண்டமாற்றுச் சந்தை இன்னும் நடக்கிறதா?

நடக்கிறது. சனிக்கிழமைதோறும், லமலேராவுக்குக் கிழக்கே கடற்கரையில் உள்ள வுலாந்தோனியில். கடற்கரைப் பெண்கள் காய்ந்த இறைச்சி, மீன், உப்பு, வெற்றிலைக்கான சுண்ணாம்பு ஆகியவற்றைத் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். மலையூர்ப் பெண்கள் சோளம், வாழைப்பழம், மரவள்ளி, காய்கறி, வெற்றிலை பாக்கு. கண்காணிப்பாளர் விசில் ஊதும்வரை யாரும் மாற்றத் தொடங்கக்கூடாது. ஊதியதும் சில நொடிகளில் சந்தை உயிர் பெறும்.

அளவு முங்ஙா: ஒரு முங்ஙா என்றால் ஆறு. ஒரு கீற்று திமிங்கில இறைச்சிக்கு இரண்டு முங்ஙா, அதாவது பன்னிரண்டு சோளக் கதிரோ பன்னிரண்டு வாழைப்பழமோ என்பது வழக்கமான மதிப்பு. கீற்றின் பருமனும் கதிரின் பருமனும் பார்த்துப் பேரம் நடக்கும். பணம் கொடுத்தும் வாங்கலாம். ஆனால் வெளியார் முதலிலேயே நோட்டை நீட்டி வாங்கத் தொடங்கினால் மலையிலிருந்து இறங்கி வந்த பெண்ணுக்குக் கீற்று கிடைக்காமல் போகும். மாற்று முடியும்வரை காத்திருங்கள்.

சந்தை இல்லாத நாள்களில் லமலேராப் பெண்கள் கூடையோடு மலையூர்களுக்கு ஏறுவதும் உண்டு. கடலில் ஆண்கள் கொண்டுவருவதைச் சோறாக்குவது இந்த நடைதான். வேட்டையைப் படமெடுக்க வருபவர்கள் பெரும்பாலும் இதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

இந்த வேட்டை சட்டப்படி சரியா?

இந்தோனேசியா சர்வதேசத் திமிங்கில ஆணையத்தில் உறுப்பினர் இல்லை. எனவே 1986 முதல் நடைமுறையில் உள்ள வணிக வேட்டைத் தடையோ, பழங்குடியினருக்கான ஒதுக்கீடோ நேரடியாகப் பொருந்தாது. உள்நாட்டுச் சட்டத்தில் திமிங்கிலங்களும் ஓங்கில்களும் பாதுகாக்கப்பட்ட இனங்கள். மாண்டா எனும் பெருந்திருக்கைக்கு 2014 முதல் நாடு முழுவதும் முழுப் பாதுகாப்பு. நடைமுறையில் லமலேராவின் மரபுவழித் திமிங்கில வேட்டையை அரசு பொறுத்துக்கொள்கிறது. திருக்கைச் செவுள் வணிகத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை. 2009-இல் சாவு கடல் தேசியப் பூங்கா அறிவிப்பின்போது ஊரார் கடுமையாக எதிர்த்தார்கள்; லெம்பாட்டாவின் தென்கடல் எல்லைக்கு வெளியே விடப்பட்டது.

எங்கள் கருத்து: எண்ணெய்த் திமிங்கிலம் அழியும் அபாயத்துக்கு உள்ளான இனம், அதை மறைக்கக்கூடாது. ஆனால் அதன் எண்ணிக்கையைக் குலைத்தது 19, 20-ஆம் நூற்றாண்டுத் தொழிற்சாலை வேட்டை. ஓலைப்பாய்ப் படகு அன்று. ஊருக்குள் பங்கிட்டுத் தின்பதும் செவுளை வெளிநாட்டுக்கு விற்பதும் வேறு வேறு. முதலாவதை மதித்து, இரண்டாவதைத் தடுக்கலாம்.

எப்படிப் போவது?

மூன்று படிகள்: கூப்பாங் அல்லது மௌமெரெ, பிறகு லெவோலெபா, பிறகு லமலேரா.

கூப்பாங்கிலிருந்து லெவோலெபாவின் வுனோபித்தோ விமான நிலையத்துக்குச் சிறிய விமானங்கள் உண்டு. மற்றொரு வழி: மௌமெரெ வரை விமானம், அங்கிருந்து சாலையில் லாரந்துக்கா, அங்கிருந்து படகு. மரப்படகு அடோனாராவின் வைவெராங்கில் நின்று லெவோலெபா போய்ச் சேரச் சுமார் நான்கு மணி நேரம். விரைவுப் படகில் ஏறக்குறைய பாதி.

லெவோலெபாவிலிருந்து தீவைக் குறுக்காகக் கடந்து தெற்கே போக வேண்டும். தொலைவு குறைவுதான், சாலை அப்படியில்லை. பலகை இருக்கை போட்ட லாரியில் மூன்று, நான்கு மணி நேரம் எடுக்கும். லாரிகள் பொதுவாக அதிகாலை லமலேராவிலிருந்து கிளம்பி, நகரத்தில் வேலை முடிந்து மதியத்துக்கு மேல் திரும்பும். ஆகவே மாலையில் லெவோலெபா வந்து சேர்பவர் அன்றிரவு அங்கே தங்க வேண்டியதுதான். வாடகை மோட்டார் சைக்கிள் விரைவு, ஆனால் மழைக்குப் பின் சேற்று ஏற்றங்களில் பழக்கமில்லாதவர் ஓட்டக்கூடாது.

திட்டம் கெடுவது பெரும்பாலும் எரிமலையால். லெவோலெபாவுக்குப் பக்கத்தில் இருக்கும் இலெ லெவோதோலோக் 2020 நவம்பரில் பெரிதாக வெடித்தது. ஃப்ளோரெஸின் லெவோதோபி 2024 நவம்பரில் வெடித்தபோது மௌமெரெ விமானங்கள் நின்றன. திரும்பும் பன்னாட்டு விமானத்துக்கு முன் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் வந்திறங்கும்போதோ முன்கூட்டி இணையத்திலோ 30 நாள் விசா பெறலாம்; கட்டணம் 5,00,000 ரூபியா; ஒருமுறை நீட்டிக்கலாம். மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்களுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. உள்ளூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால்.

தங்குமிடம், பணம், உடல்நலம்?

ஓட்டல் கிடையாது. சில குடும்பங்கள் வீட்டில் அறை கொடுத்து மூன்று வேளையும் சோறு போடுகின்றன. பணம் முழுவதையும் லெவோலெபாவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், ஊரில் ஏ.டி.எம். இல்லை. சில்லறை நோட்டுகள் அவசியம்.

இந்த மாகாணத்தில் மலேரியா உண்டு. கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் தடுப்பு மாத்திரை கேளுங்கள். சில மாத்திரைகளை ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். மாலையில் முழுக்கைச் சட்டை, இரவில் கொசுவலை. ஊர் திரும்பிச் சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் எங்கே போய் வந்தீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும், முன்கூட்டியே சொன்னால். சோறு, சோளம், மரவள்ளி, பப்பாளி, பயறு கிடைக்கும். முருங்கைக் கீரை இந்த மாகாணம் முழுக்க அன்றாடக் கறி. தெளிந்த சாறாக வைப்பார்கள். வறுத்த சோள மணியைச் சூட்டோடு கல்லில் வைத்துத் தட்டி எடுக்கும் ஜாகுங் தித்தி நம் அவலைப் போன்றது, பயணத்துக்கு ஏற்றது. பனையிலிருந்து இறக்கும் கள்ளின் பெயர் துவாக். விருந்தினருக்கு நீட்டுவார்கள், வேண்டாமென்றால் கையால் தொட்டு மரியாதையாக மறுக்கலாம்.

திமிங்கில இறைச்சியைச் சுவைக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல்லுள்ள திமிங்கில இறைச்சியில் பாதரசம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டும். இதன் கொழுப்பு மெழுகுத் தன்மையுள்ளது, நம் குடல் அதைச் செரிக்காது. பழக்கமில்லாதவர் ஒரு துண்டுக்கு மேல் தின்றால் வயிற்றுப்போக்கு வரலாம்.

படகில் கூடவே போகலாமா?

படகுக்காரர் ஒத்துக்கொண்டால் போகலாம். தங்கும் வீட்டார் மூலம் முந்தின மாலையே கேளுங்கள். தொகையை அப்போதே பேசி முடியுங்கள். விடியலில் கிளம்பிப் பிற்பகலில் திரும்புவது வழக்கம். நிழல் கிடையாது, குடிநீர் ஆளுக்கு மூன்று லிட்டர், தொப்பி, நீர் புகாத பை, உங்கள் அளவுக்கு உயிர்காப்பு உடை எல்லாம் நீங்களே கொண்டுபோக வேண்டும். சொன்ன இடத்தில் உட்கார்ந்திருங்கள். முன்மேடைப் பக்கம் போகாதீர்கள், கயிற்றைத் தாண்டாதீர்கள். கடலில் சில பெயர்களைச் சொல்லக்கூடாது. பேச்சைக் குறைப்பதே பாதுகாப்பு.

பெரும்பாலான நாள்களில் திமிங்கிலம் வராது. எத்தனை நாளில் பார்க்கலாம் என்று உறுதி சொல்பவரை நம்ப வேண்டாம்.

ஊரில் எப்படி நடந்துகொள்வது?

வந்ததும் கிராமத் தலைவரிடம் பெயர் பதியுங்கள். பெரியவர்களில் ஆணைப் 'பாபா' என்றும் பெண்ணை 'மாமா' என்றும் அழைப்பார்கள். இரண்டாவது தமிழர் வாயில் சட்டென்று வராது, பழகிக்கொள்ளுங்கள். படமெடுக்கும் முன் கேளுங்கள். வெட்டும் நாளில் கத்திகளுக்கு இடையே புகாதீர்கள். வழுக்கும், கொழுப்பு வெட்டும் கத்தி கை நீளம் இருக்கும். விபத்து நடந்த நாளில் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

துணி வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

வாங்கலாம், அதுதான் பெண்கள் கைக்கு நேரே போகும் பணம். நூலை முடிச்சிட்டுச் சாயம் ஏற்றி, இடுப்பில் வார் மாட்டிய தறியில் நெய்வது. பெண்களின் குழாய்ச் சேலை கெவத்தெக். இரண்டு துண்டு இணைத்தது அன்றாடத்துக்கு. மூன்று துண்டு இணைத்தது திருமணச் சீருக்கு. திருக்கை, திமிங்கிலம், படகு உருவங்கள் லமலேராவின் அடையாளம்.

சிவப்பு நுணா வேரிலிருந்து, நீலம் அவுரியிலிருந்து. வேர்ச்சாயம் பிடிக்க எண்ணெயும் மரப்பட்டைத் தூளும் சேர்த்துப் பலமுறை முக்கி உலர்த்த வேண்டும். ஆகவே கைநூற்பு நூலும் இயற்கைச் சாயமும் சேர்ந்த ஒரு சேலைக்கு மாதக்கணக்கு, சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்கு ஆகும். கைநூற்பு நூல் தடிப்பும் மெலிவுமாக இருக்கும். ஆலைநூல் ஒரே சீராக, பளிச்சென்று இருக்கும். இரண்டும் விற்பனைக்கு உண்டு; விலையில் பெரிய வேறுபாடு இருப்பது நியாயம். மாதக்கணக்கு உழைப்பில் பேரம் பேசிப் பாதியாக்க முயல வேண்டாம்.

திமிங்கிலப் பல், எலும்பு, அம்பர்கிரீஸ் ஏதாவது கொண்டுவரலாமா?

எதையும் கொண்டுவரக்கூடாது. எண்ணெய்த் திமிங்கிலம் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகும் மெழுகு போன்ற பொருளான அம்பர்கிரீஸ் வைத்திருந்ததற்காகத் தமிழ்நாட்டில் கைதாகிறவர்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். செதுக்கிய பல் மோதிரம், எலும்புப் பிடி, சிறு குப்பி எண்ணெய் எல்லாமே இதில் அடங்கும். அன்பளிப்பாகக் கொடுத்தாலும் காரணம் சொல்லி, கொடுத்தவர் வீட்டிலேயே விட்டுவாருங்கள்.